ஒரு நாள் பிந்தி வரும் உடம்பு

தங்கை ஜோஸ்லினை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் மெட்டில்டா அசதிக்காகக் காத்திருந்தாள்.

அது வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புயல் எச்சரிக்கை கேட்டவர்களைப் போல எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். குடங்களில் தண்ணீர் நிரப்பினாள். இரண்டு நாளைக்கு மாவு ஆட்டி வைத்தாள். வேலை பார்க்கும் உப்புக் கம்பெனிக்கு லீவு சொன்னாள். மாசி மாத வெயிலில் கம்பளியை உதறிக் கொடியில் போட்டாள். தூத்துக்குடியில் கம்பளி வைத்திருந்தவர்கள் அவளைப்போல நோய்க்காரர்கள்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் புடைத்திருந்த பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதில் துடிப்போ சத்தமோ கிடையாது. உள்ளே தைராய்டுச் சுரப்பை ஊற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு ஊற்றுவது என்பதை அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் தங்கை. அவள்தான் இப்போது இல்லையே.

அப்படிக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இணையாள் இறந்துபோனால் பட்டன் ஒரு நாள் ஓடும். அதற்குப் பிறகு ஒரே அளவில் சொட்ட ஆரம்பிக்கும். காலையிலும் அதே அளவு, இரவிலும் அதே அளவு; காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் மாறாது. அந்த ஒரே அளவில் அவள் முன்பு ஆறு வருஷம் வாழ்ந்து பார்த்திருந்தாள்.

மறுநாள் போனது. அதற்கு அடுத்த நாளும் போனது. அசதி வரவில்லை.

சாயங்காலம் ஜோஸ்லின் வீட்டில் செபம் நடந்தது. தெருக்காரர்கள் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். ஜோஸ்லினின் மகள் ஜெனிலா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெட்டில்டா மட்டும் பெரிய பாத்திரத்தில் கருப்பட்டிக் காப்பி போட்டாள், தம்ளர் கழுவினாள், முற்றத்தைக் கூட்டினாள். கூட்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தத் தெரு எஸ்தாக்கியம்மாவின் குரல் கேட்டது.

"கூடப் பொறந்தவ போயி மண்ணு காயல. இவா பம்பரமா சுத்துதா பாரு."

"அவுக ரெண்டு பேருக்கும்தான் பேச்சு வார்த்தை நின்னு போச்சே," என்றாள் இன்னொருத்தி. "ஐப்பசியில இருந்து மொகங்குடுத்துப் பேசல. மாதாவுக்குத்தான் தெரியும் என்னன்னு."

மெட்டில்டா குனிந்தபடியே கூட்டினாள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். நெஞ்சு கனத்துக் கிடந்தாலும், அழ வேண்டிய நேரத்தில் அவள் கைகால்கள் பறந்துகொண்டிருந்தன. அந்த வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நோய் வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முதலில் கை நடுங்கியது. பிறகு நெஞ்சு, யாரோ துரத்தி வருவதுபோல, உட்கார்ந்த இடத்திலேயே ஓடியது. கண் இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தன. பெண் பார்க்க வந்த கடைசிக் கூட்டம் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனது. காயல்பட்டினத்து டாக்டர் ருக்கையாதான் அது என்னவென்று சொன்னார்.

"காவலுக்கு ஆள் வச்சிருக்கீங்க. அவனே வீட்டுக்குள்ள பூந்து அடிக்கான்னு வச்சுக்கோங்க. உங்க ஒடம்போட காவலாளி உங்க தைராய்டையே எதிரின்னு நெனச்சிட்டான். அது பயந்துபோய் அளவுக்கு மேல சுரக்குது."

"அவனைத் தடுக்க முடியாதா டாக்டர்?"

"அவனைத் தடுக்க இன்னும் வழி தெரியல. அடி வாங்குறதை எடுத்துரலாம். சண்டை நின்னுரும்."

அதற்குக் கதிர்வீச்சு ஏற்றிய அயோடின் மாத்திரை. ஒரே மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். அதற்கு முன்னால் இரண்டு வாரம் கடல் மீன் கூடாது, அயோடின் உப்பு கூடாது. மெட்டில்டாவின் வேலையே பாக்கெட் உப்பில் அயோடின் சரியாகத் தெளித்திருக்கிறதா என்று பார்ப்பதுதான். "ஊருக்கெல்லாம் அயோடின் போட்டுக் குடுத்துட்டு நீ உப்பளத்துக் கல்லுப்பத் திங்கியாக்கும்," என்று ஜோஸ்லின் சிரித்தாள். மாத்திரை விழுங்கிய பிறகு சில நாள் குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது என்றார்கள். ஜெனிலா அப்போது கைக்குழந்தை. ஜோஸ்லின் வாசல்படியில் சோற்றை வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்த நடைபாதையில் நின்று தெருவே கேட்கும்படி ஊர்க்கதை சொல்லுவாள்.

சுரப்பி செத்தது. சண்டை நின்றது. அதற்குப் பிறகு காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.

மாத்திரையில் குறையில்லை. ரத்தப் பரிசோதனையில் எண்கள் சரியாகவே வந்தன. ஆனால் மழையில் நனைந்த உப்புமூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு நடப்பது போலிருந்தது அவளுக்கு. தலை சீவ உட்கார்ந்தால் பாதியில் கை இறங்கிவிடும். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படித்த வரியையே திரும்பப் படிப்பாள். கம்பெனியில் சொன்னால், "எல்லாருக்கும் அசதிதான்க்கா" என்றார்கள். எண் சரியாக இருக்கிறவளுக்கு நோய் என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. ஆறு வருஷம் அவள் அந்த மூட்டையைச் சுமந்தாள்.

பட்டன் வந்தது அப்புறம்தான். ஜோஸ்லினையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி டாக்டர் விளக்கினார்.

"நல்ல தைராய்டு குளிர்னா கூட்டும், பட்டினின்னா கொறைக்கும். பயம், சந்தோஷம், தூக்கம் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருக்கும். அந்தக் கணக்கு எந்த மெஷினுக்கும் பிடிபடல. அதனால கூடப் பொறந்தவங்க தோள்ல, தோலுக்கடியில, நெல்லு மாதிரி ஒரு சின்ன மணியை வைக்கிறோம். அது அவங்க தைராய்டு செய்யிறதை ஒரு நாள் முழுக்கக் கவனிக்கும். மறுநாள் உங்க பட்டன் அதையே செய்யும்."

"பக்கத்துல இருக்கவ பேப்பரப் பாத்து எழுதுற மாதிரியா?" என்றாள் ஜோஸ்லின்.

"அதேதான். ஆனா சொந்த ரத்தமா இருக்கணும்."

"பள்ளிக்கூடத்துல எங்க அக்கா எனக்கு நாலு கிளாஸ் மேல. அவளைப் பாத்து எழுத எனக்குத்தான் குடுத்து வைக்கல. அவளாவது எழுதட்டும், வைங்க டாக்டர்."

இணையாளுக்குச் சட்டதிட்டம் உண்டு. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். இரவு வேலை பார்க்கக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். ஜோஸ்லின் தவக்காலத்து ஒருசந்தி நோன்பைக்கூட விட்டாள். பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, எங்க அக்காவுக்கும் சேத்து நான் திங்க வேண்டியிருக்கு" என்று அனுமதி வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் மெட்டில்டாவுக்கு வாழ்க்கை ஒரு நாள் பிந்தி வந்தது.

"ஏட்டி, நேத்து வீட்ல என்ன சண்டை?" என்று போன் செய்வாள். "லோடு எண்ணிக்கிட்டு இருக்கேன், நெஞ்சு கெடந்து அடிக்கி."

"சண்டையெல்லாம் இல்லக்கா. ஒங்க மாப்பிள்ளை யாரையும் கேக்காம ஒரு பழைய படகு வாங்கி வாசல்ல நிப்பாட்டிருக்காரு. அதுக்கு நாலு வார்த்தை கேட்டேன்."

ஜோஸ்லினின் கணவன் கிளாட்வின் துறைமுகத்தில் கிரேன்களைப் பார்த்துக்கொள்கிறவன். கிரேன்கள் தானாக ஓடின. அவை தப்பு செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. "ஒருத்தியக் கட்டி ரெண்டு பேருகிட்ட மாட்டிக்கிட்டேன்," என்பான். "இன்னைக்கு ஒருத்தியத் திட்டுனா நாளைக்கு இன்னொருத்தி போன் பண்ணுதா."

போன சித்திரைக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது.

மெட்டில்டா விடியும் முன்பே விழித்தாள். காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. சாயங்காலம் நாலு மணியானால் முகம் சூடாகி, அடிவயிற்றில் மீன்குஞ்சு துள்ளுவதுபோல ஒன்று துள்ளியது. ஐம்பதைத் தாண்டியவள் கண்ணாடி முன்னால் நின்று தலையை இரண்டாம் தடவை சீவினாள். முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு பயம் பிடித்தது. இது தன்னுடையது அல்ல, தங்கையுடையது. நேற்று நாலு மணிக்கு ஜோஸ்லினுக்கு நடந்தது இது. நாற்பத்தேழு வயதில், கிளாட்வின் கிரேன் அறையில் இருக்கும் நேரத்தில், ஜோஸ்லினுக்கு என்ன நடக்கிறது?

கவனிக்க ஆரம்பித்தாள். ஜோஸ்லின் வாரம் ஒரு நாள் தனியாகப் பஸ் ஏறினாள். எங்கே என்று கேட்டால், "அந்தோனியார் கோயிலுக்கு" என்றாள். கோயிலில் விசாரித்தால் அவளை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மீன் வாங்கிவிட்டுத் திரும்பும்போது, மெட்டில்டா அவளை வழியில் நிறுத்தினாள்.

"யாருட்டி அவன்?"

"எவன்?"

"என்கிட்ட மறைக்காத. ஒன் ஒடம்பு எனக்குத் தெரியாதா? நேத்து நீ எங்க எப்படி இருந்தன்னு இன்னைக்கு என் ஒடம்பு சொல்லுது. வயசுக்கு வந்த பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு, சீச்சீ, வெக்கமா இல்ல ஒனக்கு?"

ஜோஸ்லின் அவளையே பார்த்தாள். அடிபட்டவள் பார்வை. பிறகு அந்தப் பார்வைக்குள் வேறு ஏதோ ஒன்று வந்தது. எதையோ கண்டுபிடித்தவள்போல அவள் வாய் லேசாகத் திறந்தது, மூடியது.

"நீ நெனைக்கிறத நெனச்சுக்க அக்கா," என்று சொல்லிவிட்டு மீன்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதுவே போதுமென்று இருந்தது மெட்டில்டாவுக்கு. அத்தோடு பேச்சு நின்றது. மார்கழியில் ஒரு வாரம் மெட்டில்டா தரையில் சுருண்டு கிடந்தாள், காரணம் தெரியாமல் கண்ணீர் வழிந்தது. போய்விட்டான் போலிருக்கிறது, நல்லதாகப் போயிற்று என்று அந்த அழுகையின் நடுவிலேயே நினைத்துக்கொண்டாள்.

மாசியில் ஜோஸ்லின் துணி காயப்போட மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள். செபத்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். கிளாட்வின் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மெட்டில்டா அவன் அருகில் போய் நின்றாள்.

"மாப்ளே, ஆஸ்பத்திரியில அந்த மணிய எடுத்துக் குடுத்தாங்களா?"

"எந்த மணி மதினி?"

"அவ தோள்ல இருந்த மணி. அதோடயே பொதைச்சிட்டமா? எனக்கு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. செத்தவ ஒடம்புல இருந்து எப்படி வரும்? ராத்திரி படுத்தா அதுதான் பயமா இருக்கு."

கிளாட்வின் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அவகிட்ட மணி இல்ல மதினி. போன சித்திரையிலயே எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா?"

"அவளுக்கு நெஞ்சு தாறுமாறா அடிச்சிச்சு. அதுக்கு ஒரு மாத்திரை எழுதுனாங்க. அதுல அயோடின் ஏராளம். அதத் தின்னா அவ தைராய்டு கெட்டுப்போகும், கெட்டதைப் பாத்து ஒங்க பட்டன் ஊத்துனா ஒங்களுக்கு ஆபத்துன்னு ருக்கையா டாக்டர் சொன்னாங்க. மாத்திரைய விட்டுருதேன்னா இவ. நான் சத்தம் போட்டேன். அப்பத்தான் மணிய மாத்துனாங்க. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரையுந் தின்னா. இருந்தும் போயிட்டா." அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தெரிஞ்சா நீங்க மறுபடி ஒங்க பழைய மாத்திரைக்கே போயிருவீங்கன்னு."

"மாத்துனாங்கன்னா, யாருக்கு மாத்துனாங்க மாப்ளே?"

அவன் திரும்பிப் பார்த்தான். உள்ளே ஜெனிலா குனிந்து தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னல் முன்னால் விழுந்து கிடக்க, தோளில் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது.

"அவளுக்குப் பத்தொம்பதுதான," என்றாள் மெட்டில்டா. குரல் எங்கிருந்தோ வந்தது. "இருபத்தொண்ணு ஆகணும்லா?"

"வைக்கும்போது பதினெட்டு. டாக்டரு கையப் பிடிச்சுக்கிட்டு அவ அம்மா விடல."

மெட்டில்டா அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் நாலு மணி. கல்லூரி விடும் நேரம். கண்ணாடி முன்னால் அவளை இரண்டாம் தடவை தலை சீவ வைத்தது இந்தப் பிள்ளையின் உடம்பு.

ஜோஸ்லின் ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்பது இப்போது விளங்கியது. நானில்லை என்றால், பின்னே யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அக்கா மணியைக் கழற்றச் சொல்வாள். அதனால் அவள் அந்தப் பழியை வாங்கி, மீன்பையோடு வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள்.

"கப்பல் வேலையும் வந்துச்சு ஜெனிலாவுக்கு," என்றான் கிளாட்வின், இதையும் சொல்லித் தொலைத்துவிடுகிறவன்போல. "படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை. எஞ்சின் ரூம்ல பயிற்சி. ராத்திரிக் காவல் முறை உண்டு. இணையாளுக்கு ராத்திரி வேலை ஆகாதுல்லா. வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டா."

மறுநாள் காலையில் ஜெனிலா தூக்குவாளியில் இடியாப்பம் கொண்டுவந்தாள். அப்பா சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வந்தவள் உட்காராமல் நின்றாள்.

"யாருட்டி அந்த நாலு மணிப் பையன்?" என்றாள் மெட்டில்டா.

ஜெனிலாவின் கை வாய்க்குப் போனது. "ஐயய்யோ பெரியம்மா! அதெல்லாமா வந்துச்சு ஒங்களுக்கு?"

"ஒரு நாள் தள்ளி."

"எல்லாமுமா?"

"எல்லாம் இல்ல. பேரு வரல, மூஞ்சி வரல. வாறது வந்துச்சு."

துக்க வீட்டுப் பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகவே உடனே கண் கலங்கியது. "மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்டு. இப்ப இல்ல. மார்கழியில போயிட்டான்."

"தெரியும். மார்கழியில தரையில கெடந்தேன். யாருக்காகக் கெடக்கேன்னுதான் தெரியல."

ஜெனிலா அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். தெருவில் ஓட்டுநர் இல்லாத தண்ணீர் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"உங்க அம்மைக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. ஆனா ஐப்பசியில ஒருநாள் மீன் வாங்கிட்டு வந்தவ, பைய வச்சதும் வைக்காததுமா என்கிட்ட வந்து, 'ஏட்டி, ஒனக்கு யாரும் இருக்காங்களா'ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏம்மா கேக்கன்னேன். 'ஒண்ணுமில்ல, பெரியம்மா சந்தோஷமா இருக்கா, அதான்'னா. கண்ணு செவந்திருந்துச்சு. மீன் வாடைன்னா."

மெட்டில்டா இடியாப்பத் தூக்கின் மூடியைத் திறந்தாள். மூடினாள். தான் வழியில் நிறுத்திக் கேட்டது என்ன என்பதை இந்தப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். சொன்னால் தனக்குத்தான் இலேசாகும், அவளுக்குக் கனக்கும்.

"கெளம்பு. டாக்டரப் பாக்கப் போவோம்," என்றாள். "அதக் கழத்திருவோம்."

"வேண்டாம் பெரியம்மா."

"கப்பல்ல எடம் இன்னும் இருக்கா?"

"கப்பல் எங்க போகும்? எப்ப வேணா போகலாம். அம்மா கடைசியா சொன்னதே இதுதான், பெரியம்மாவ விட்டுராதன்னு. மறுபடி கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடப்பீங்க. நான் பாத்திருக்கேன். சின்னப் பிள்ளையில ஒங்க கட்டில்ல ஏறி வெளையாடினா, எறங்குட்டின்னு சொல்லக்கூட ஒங்களுக்குத் தெம்பு இருக்காது."

"இப்பத் தெம்பு இருக்கு. அதான் சொல்லுதேன். எந்திரி."

மத்தியானப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஜெனிலா அழுதாள். வேண்டாம், வேண்டாம் என்று அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் மெட்டில்டாவைக் கோபமாகப் பார்த்தார்கள்.

டாக்டர் ருக்கையாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை.

"நான் செஞ்சது தப்புதான். ரெண்டு பேரைக் காப்பாத்துறேன்னு மூணாவது ஆளை மாட்டிவிட்டுட்டேன். நீங்க புகார் பண்ணினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"புகாருக்கு வரல டாக்டர். கழத்துங்க."

"கழத்துனா என்னாகும்னு தெரியுமில்ல? அப்போ முப்பது வயசு, தாங்குனீங்க. இப்போ அம்பத்தொண்ணு. அளவைச் சரியா வச்சுத் தர்றேன், ஆனா அந்த அசதிக்கு என்கிட்ட மருந்து இல்லை. உப்புக் கம்பெனி வேலைக்குப் போறது கஷ்டம். படி ஏறுறது கஷ்டம். நாளைக்கு இந்த நேரம் ஆரம்பிச்சிரும். உங்களுக்கே தெரியும், முதல்ல முட்டியில."

"தெரியும்."

"ஜெனிலாவுக்கு இருபத்தொண்ணு ஆகுற வரைக்கும் நிறுத்தி வச்சு, அப்புறம் அவ விருப்பப்பட்டா..."

"விருப்பப்படுவா டாக்டர். அதான் பயம். இவ அம்மையும் விருப்பப்பட்டாதான்." மெட்டில்டா பட்டன் இருந்த இடத்தைச் சேலைக்கு மேலேயே தடவினாள். "இத்தன வருஷமும் அடுத்தவுக சட்டையப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். நல்லா இருந்துச்சு, இல்லங்கல. போதும்."

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மணியை எடுத்தார்கள். ஒரு நெல்மணி அளவு. ஜெனிலாவின் தோளில் பிளாஸ்திரி ஒட்டியதோடு முடிந்தது.

மறுநாள் காலை முழுவதும் மெட்டில்டாவுக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது. முந்திய நாள் காலையில் பிள்ளைக்கு இருந்த கனம் அது என்று தெரிந்தது. பஸ்ஸில் போன நேரம் வந்தபோது, அழுகை வருமென்று முந்தானையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

வந்தது வேறு. நெஞ்சிலிருந்து ஏதோ கழன்றது. தோள்கள் தாமாகத் தளர்ந்தன. மூச்சு அடிவரை போய் வந்தது. உடம்பு இலேசாகி, ஜன்னல் வழியே வந்த காற்றுகூடப் புதிதாகப் பட்டது.

அவள் அசையாமல் இருந்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இதற்கு முன்னும் இப்படித்தான் அர்த்தம் தோன்றியது. உடம்பு சொன்னதைக் கேட்டுவிட்டு, மீதியைத் தானே எழுதிக்கொண்டு, அதைக் கொண்டுபோய் ஒருத்தி முகத்தில் எறிந்தாள். போனை எடுத்தாள்.

"ஏட்டி, நேத்து பஸ்ல போகையில ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

"ஏன் பெரியம்மா?"

"கேக்கேன். நீயே சொல்லு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தப்பா நெனைக்கக் கூடாது."

"நெனைக்கல."

"அழுதுக்கிட்டுத்தான இருந்தேன். ஆனா உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. பெரியம்மா நெசமாவே கழத்தச் சொல்லப் போறாங்கன்னு தெரிஞ்சதும். நான் எப்படிப்பட்டவளோன்னு தோணுச்சு. அதுக்குத்தான் இன்னும் அழுதேன்."

"சரி," என்றாள் மெட்டில்டா. "அதுதான் வந்துச்சு. நல்லா இருந்துச்சுட்டி. கப்பல்காரனுக்கு இன்னைக்கே பேசு."

"பெரியம்மா... இன்னும் வருதா ஒங்களுக்கு?"

"அஞ்சு மணி வரைக்கும் வரும்."

போனை வைத்துவிட்டு முகம் கழுவி, செருப்பை மாட்டினாள். கல்லறைத் தோட்டம் கடற்கரைச் சாலையின் கடைசியில் இருந்தது. ஆட்டோ வேண்டாமென்று நடந்தே போனாள். பத்தொன்பது வயதுப் பிள்ளையின் நிம்மதியை உடம்பில் வைத்துக்கொண்டு, அவ்வளவு தூரத்தையும் ஒருமுறைகூட நிற்காமல் நடந்தாள்.

ஜோஸ்லினின் மண் இன்னும் மேடாகவே இருந்தது. மாலைகள் காய்ந்து கிடந்தன. சிலுவையில் பெயர் எழுதிய பெயிண்ட் புதுசு. மெட்டில்டா பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நான் ஒன்னைக் கேட்டது ஒனக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றாள்.

தொலைவில் துறைமுகத்துக் கிரேன்கள் ஆளில்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தன. கடற்காற்று குளிர ஆரம்பித்தது. குளிர்வது காற்றா தானா என்று பார்த்தாள். முட்டி இரண்டிலும் கனம் இறங்கியிருந்தது. பிறகு தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அது முழுவதுமாக அவளுடையது, வேறு யாரிடமிருந்தும் வந்ததல்ல. அதோடு கூடவே, ஒரு வாரமாக வராமல் நின்றதும் வந்தது. சத்தமில்லாமல், நிறுத்தாமல் அழுதாள்.

வெளிச்சம் மங்கும்போது காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். முதலில் தள்ளி நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"யம்மா, கேட்டப் பூட்டணும். எந்திரிங்க."

மெட்டில்டா கையை ஊன்றி எழப் பார்த்தாள். பாதியில் கை மடங்கியது. மறுபடி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கய்யா," என்றாள். "இது என் ஒடம்பு. மெதுவாத்தான் எந்திரிக்கும்."